மழை தெரியும் ரெண்டு ரூம்

பிவிசி பைப்பை ஒட்டுவதற்கு ஒரு பசை உண்டு. சின்ன டப்பாவில் வரும். மூடியைத் திறந்ததும் ஒரு நெடி மூக்கில் ஏறி நெற்றிப் பொட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். நேற்று குளியலறைக் குழாய் மாற்ற வந்த பிளம்பர் அந்த டப்பாவைத் திறந்தார். கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. மற்றவர்களுக்கு மல்லிகையும் மண்வாசனையும் பழைய நாட்களைத் திறந்துவிடுமாம். எனக்கு வாய்த்தது பைப் பசை. என்ன செய்வது, பைப் கடைக்காரரைக் கட்டிக்கொண்டவள்.

அந்த நெடியைப் பிடித்துக்கொண்டு ஏறினால் எங்கள் மாடி வரும். ரெண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலத்து மாடி.

செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. ஆசிரமத்துப் பக்கம் வீடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் அப்போது ஒரே கனவைத்தான் கண்டார்கள். மாடியில் ரெண்டு ரூம் எடுக்க வேண்டும், வெள்ளைக்காரர்களுக்கு விட வேண்டும், கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும். என் வீட்டுக்காரரும் கண்டார். ரூம் எழும்பியது. வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. எல்லாம் வந்தது, ஆள்தான் வரவில்லை. வீடு சந்துக்குள் தள்ளியிருந்தது. ஆட்டோக்காரர்கள் பழகின வீடுகளுக்கே கூட்டிப்போனார்கள். இவருக்கோ யாரையும் வாங்க என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை. மோட்டாரும் பைப்பும் விற்கிறவரை ஜனங்கள்தான் தேடி வருவார்கள், கிணறு வற்றினதும்.

ஒரு சீசன் காலியாகவே போனது. அடுத்த வருஷம், முதல் ரூமில் பைப் வந்து படுத்துக்கொண்டது. கடையில் இடமில்லையாம். நீளமான பைப்புகள் ரூமுக்குள் அடங்காமல் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. பார்க்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மலை. அதை அதிக நேரம் உற்றுப் பார்த்தது எங்கள் வீட்டு பைப்புகளாகத்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார், இவருடைய ஒரே தங்கை, ஆரணியிலிருந்து ரெண்டு சூட்கேஸோடு வந்து இறங்கினாள். அவள் கல்யாணம் முறிந்துபோயிருந்தது. அதைப் பற்றி ஒரு வரிக்குமேல் அவள் பேசியதில்லை. "அங்க எனக்கு ஒத்து வரல அண்ணி." அவ்வளவுதான். அப்புறம் என் அடுப்படிக்குள் வந்து, வெங்காயக் கூடையை எனக்கு எட்டாத உயரத்திலிருந்து எட்டுகிற உயரத்துக்கு மாற்றி வைத்தாள். இத்தனை வருஷம் எனக்குத் தோன்றாத விஷயம்.

சொந்தத்தில் ஒருவர் வேலூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டன் வேலை இருப்பதாகச் சொன்னார். சாப்பாடு உண்டு, தங்க இடம் உண்டு. எல்லோருக்கும் அது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது, போகவேண்டியவளைத் தவிர.

"ஒரு வீட்லேர்ந்து வந்து இப்பதான் உக்காந்தேன். அதுக்குள்ள மணியடிச்சா சாப்பாடு, மணியடிச்சா தூக்கமா? நான் போலண்ணா. மாடி ரூம் ரெண்டையும் எங்கிட்ட குடு. நான் நடத்தறேன்."

"யார நடத்துவ? பைப்பையா?"

"ஆள் வருவாங்க."

"எங்கேர்ந்து?"

"வருவாங்கண்ணா."

இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்பு சொன்னார். "தை பொறக்கற வரைக்கும் பாக்கறேன். சொந்தக்காரன் இல்லாம, தெரிஞ்சவன் இல்லாம, வெளியாளு ஒருத்தர் வந்து தங்கிட்டா ரெண்டு ரூமும் உன்னுது. இல்லன்னா மிச்ச ரூம்லயும் பைப்பு. நீ வேலூரு."

அவள் சரி என்றாள். ரசம் ஊற்றினாள்.

இதற்கிடையில் நான் ஒரு பூ வளர்த்துக்கொண்டிருந்தேன்.

வேங்கிக்காலில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் எனக்கு வேலை. ஃபைலுக்கும் ஃபைலுக்கும் நடுவில் உரைநடையும் இல்லாமல் கவிதையும் இல்லாமல் எதையாவது எழுதி வைப்பேன். பத்திரிகைகளுக்கு அனுப்பினால் அவை போன வேகத்தில் திரும்பி வரும், தாய்வீட்டுக்கு வந்து போகிற பெண்களைப் போல. அப்போதுதான் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் மேடம், கம்ப்யூட்டரில் நாமே போட்டுக்கொள்ளலாம், உலகமே படிக்கும் என்று. பிளாக் என்றார்கள் சிலர். வலைப்பதிவு என்றார்கள் சிலர். வலைப்பூ என்று ஒரு பெயரும் இருந்தது. எனக்குப் பூதான் பிடித்தது.

செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர். கோயில் மாதிரி வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே பிளைவுட் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை. பக்கத்துத் தடுப்பில், எல்லாவற்றையும் துறந்துவிட்டு வந்த ஒரு வெள்ளைக்காரர் யாருக்கோ கோபமாக மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பார். தட்டுகிற சத்தத்திலேயே சண்டை என்று தெரிந்துவிடும். நானும் நாத்தனாரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்தோம்.

பூவுக்கு ஒரு முகவரி வேண்டும் என்று கேட்டது கம்ப்யூட்டர். அண்ணாமலை என்று போட்டேன். வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்றது. அருணாசலா என்று போட்டேன். அதுவும் போயிருந்தது. ஒரு ஏ சேர்த்தேன், ரெண்டு ஏ சேர்த்தேன், கடைசியில் ஒரு எச்சும் சேர்த்துப் பார்த்தேன். திரைச்சீலைக்கு அப்பாலிருந்து சென்டர்காரர் குரல் கொடுத்தார்.

"மலை பேரு எதுவும் கெடைக்காது மேடம். எல்லாத்தையும் வெளிநாட்டுக்காரங்க எப்பவோ எடுத்துட்டாங்க."

பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற மலை. எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குத்தான் தோன்றவில்லை.

"மாடிப்படின்னு போடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "அத யாரு எடுத்திருக்கப் போறாங்க?"

யாரும் எடுத்திருக்கவில்லை. 'மாடிப்படி' பூத்தது.

நான் எழுதினேன். வெயில் மலையின் தோளிலிருந்து துண்டைப்போல் நழுவுவதைப் பற்றி. பௌர்ணமிக் கூட்டம் போன பிறகு சாலையில் கிடக்கிற நிழல்களைப் பற்றி. பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் எண் ஏற ஏற எனக்கும் பெருமை ஏறியது. பிறகுதான் தெரிந்தது, நான் திறந்து பார்க்கும்போதெல்லாம் அது என்னையே எண்ணிக்கொண்டிருந்தது என்று.

வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தி யோசித்தார். "அப்ப, நீயே எழுதற. நீயே போயி படிச்சிட்டு வர. அத வீட்லயே பண்ணலாம்ல? எதுக்கு செங்கம் ரோடு வரைக்கும் நடக்கற?"

"அண்ணி நடந்தா நடக்கட்டும், ஒடம்புக்கு நல்லது," என்றாள் தங்கை. எனக்குப் பரிந்து பேசுவதில் அவளுக்கு இப்படி ஒரு தனி வழி இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "பூ பூன்னு சொல்றீங்களே அண்ணி, எப்ப காய்க்கும்? என் ரூம பத்தி ஒண்ணு எழுதுங்களேன்."

எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று நினைப்பு. அவள் பொறுமையாகப் படித்தாள்.

"இதுல ரூம் எங்க அண்ணி?"

"மூணாவது பத்தியில வருது பாரு."

"அங்க வரதுக்குள்ள அவங்க வேற வீட்ல தங்கி, குளிச்சி, டிபனும் சாப்ட்டுடுவாங்க."

கார்த்திகை தீபம் வந்தது. என்னைப்போன்றவர்களுக்கு அலுவலகத்தில் விசேஷ டூட்டி போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தாலே தூங்கத்தான் நேரம். அந்த நாட்களில் அவள் தனியாகப் பிரவுசிங் சென்டருக்குப் போய், தனியாக உட்கார்ந்து, தன் ரூமைப் பற்றி 'மாடிப்படி'யில் தானே எழுதிப் போட்டுவிட்டு வந்தாள். எழுதியாச்சு என்று மட்டும் சொன்னாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. தீபத்துக்கு வந்த கூட்டம் அத்தனையும் என் காலில் ஏறி இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் நாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பேச்சில் ழ கிடையாது; இங்கே நான் போட்டு எழுதுவது படிக்கிறவர்களுக்காக. மழை எங்களுக்கு மய. கோழி கோயி. பழம் பயம். என் நாத்தனாரைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் எழுப்பி நிறுத்தி வாழைப்பழம் சொல்லச் சொல்லியிருக்கிறார். அவள் சொன்னதும் வகுப்பே சிரித்திருக்கிறது. இன்னொரு தரம் சொல்லு என்றிருக்கிறார். இன்னொரு தரமும் சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அவளுக்கு ழ-வின்மேல் ஒரு பயம், பயம் முற்றி ஒரு மரியாதை. எழுதும்போது எந்த ல என்று சந்தேகம் வந்தால், வம்பே வேண்டாம் என்று பெரியவர் ழ-வையே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவாள். மிழகாய் பஜ்ஜி என்று பலகை எழுதி வைக்கிறவர்களும் இதே கட்சிதான்.

பிரவுசிங் சென்டரில் எழுத்தைத் தட்டுவது எப்படி என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். சின்ன எல்லுக்கு ல, பெரிய எல்லுக்கு ள, இசட்டும் எச்சும் சேர்த்துத் தட்டினால் ழ. அவள் முதலில் மலை என்றுதான் தட்டியிருக்கிறாள். திரையில் விழுந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "மொட்டையா தெரிஞ்சது அண்ணி," என்றாள் பிறகு. அண்ணாமலை என்று ஊரெல்லாம் எழுதியிருக்கிறதே, பார்த்ததில்லையா என்று கேட்டேன். "அது பேரு. பேரு எப்படி வேணா இருக்கும். இது எல்லாரும் படிக்கறது, சுத்தமான தமிழ்ல இருக்கணும்ல?"

டூட்டி முடிந்த மறுநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். முகமெல்லாம் பல்.

"உங்க பூவுக்கு ஒரு வண்டு கூட வரல. எனக்கு வந்திருக்கற கூட்டத்த பாருங்க!"

உண்மைதான். அந்த நாளில் தமிழ் வலைப்பூக்களையெல்லாம் ஒரே இடத்தில் அடுக்கிக் காட்டுகிற திரட்டிகள் இருந்தன. அங்கே யாரோ இவள் எழுதியதைப் பார்த்து, இன்னொருவருக்குக் காட்டி, அவர் இன்னொருவருக்குக் காட்டியிருக்கிறார். எண் பெட்டி எங்கோ போய் நின்றது. நான் மேலே நகர்த்தி, அவள் எழுதியதை முதன்முறையாகப் படித்தேன்.

'மழை தெரியும் ரெண்டு ரூம். ஜன்னலைத் திறந்தால் மழை. கட்டிலில் படுத்தபடியே மழையைப் பார்க்கலாம். காலையில் மழைமேல் வெயில் விழும் அழகே தனி. மழையைச் சுற்ற வருகிறவர்களுக்கு விடியற்காலை காபி உண்டு. மழைமேல் ஏறுகிறவர்கள் செருப்பை வீட்டிலேயே விட்டுப் போகலாம். குடும்பத்தார் வரலாம். கீழே அண்ணன் அண்ணி இருக்கிறார்கள், பயமில்லை.'

அதற்கு அடியில், படித்தவர்கள் எழுதிவிட்டுப் போன கூத்து.

'மழை நாள் முழுக்க உண்டா, கரண்ட் இருக்கும்போது மட்டுமா?'

'கூரை ஒழுகும் என்பதை இவ்வளவு கௌரவமாக யாரும் சொன்னதில்லை.'

'மழைமேல் ஏறுகிறவர்கள் குடையோடு ஏற வேண்டுமா?'

'கீழே இருக்கும் அண்ணன் அண்ணிக்கு நீச்சல் தெரியுமா?'

"எல்லாரும் மழைய பத்தியே கேக்கறாங்க அண்ணி," என்றாள் நாத்தனார், கவலையாக. "நம்ம ஊர்ல மழை கம்மின்னு உண்மைய சொல்லிடலாமா?"

சிரிப்பை நான் அடக்கத்தான் பார்த்தேன். அது மூக்கு வழியாக வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நான் 'மழை'மேல் விரலை வைத்தேன். ஒரு நொடிதான். முகத்தில் இருந்த விளக்கை யாரோ ஊதி அணைத்த மாதிரி ஆகிவிட்டது.

"அழிச்சிடுங்க."

"ஏய், இவ்வளவு பேர் வந்திருக்காங்க…"

"சிரிக்கறதுக்கு வந்திருக்காங்க. அன்னிக்கி ஒரு கிளாஸ் சிரிச்சுது. இன்னிக்கி உலகமே சிரிக்குது. அழிச்சிடுங்க அண்ணி. நான் வேலூருக்கே போறேன். அங்க மணியடிச்சா போதும், எழுத வேணாம்."

எழுந்து வெளியே போய்விட்டாள். திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அழிக்கக் கை வரவில்லை. வரிசையின் அடிவரைக்கும் நகர்த்திப்போனேன். அங்கே ஒருத்தி கேலி இல்லாமல் எழுதியிருந்தாள். நான் எழுந்து போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளை வாசலிலேயே பிடித்து, சென்டர்காரர் முன்னாலேயே சொன்னேன்.

"இங்க பாரு, ஒருத்தங்க உங்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. 'மழை இருக்கட்டும் சகோதரி. மாடிப்படி செங்குத்தா? என் முழங்காலுக்கு ஏறுமா? நடுவில் நின்று மூச்சு வாங்க இடம் உண்டா? மார்கழியில் நானும் என் வீட்டுக்காரரும் வரலாம் என்று இருக்கிறோம்.'"

அவள் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

"தள்ளுங்க."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். 'படி செங்குத்து இல்லை அம்மா. நடுவில் திரும்புகிற இடத்தில் நாற்காலி போட்டிருக்கிறோம். உட்கார்ந்து ஏறலாம்.'

"எங்க போட்டிருக்கோம்?" என்றேன்.

"வீட்டுக்கு போனதும் போடறேன்."

"அப்படியே மேல இருக்கற மழையையும் மாத்திடட்டுமா?"

யோசித்தாள். "வேணாம். நடுவுல மாத்தினா வேற வீடுன்னு நெனச்சிடப் போறாங்க. அவங்க வந்துட்டு போகட்டும்."

அன்று மாலை என் வீட்டுக்காரர் டிவி முன்னால் வந்து உட்காரப் பார்த்து, உட்கார எதுவும் இல்லாமல் பாதியில் நின்றார். அவருடைய கைவைத்த நாற்காலி மாடிப்படித் திருப்பத்தில், தலையணையோடு, யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தது.

மார்கழியில் வந்தார்கள். தாம்பரத்திலிருந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கணவன் மனைவி. அந்தம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். கணவர் ரயில்வே பார்சலில் இருந்தவர். அந்தம்மா பாதிப் படியில் நாற்காலியில் உட்கார்ந்து, "எழுதினபடியே இருக்குதே!" என்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். பைப் இல்லாத ரூமைத் துடைத்து, கோலமே போட்டு வைத்திருந்தாள் அவள்.

மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம். நானும் தங்கையும் சேர்ந்து ஆள் செட்டப் செய்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார். நேராக மாடிக்கே போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"வணக்கம் சார். யாரு சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லல. கம்ப்யூட்டர்ல பாத்தோம்," என்றார் பெரியவர். "ஜன்னல தொறந்தா மழைன்னு போட்டிருந்தது. அதான் வந்தோம்." வாய் சிரிக்கவில்லை. கண்ணோரம் மட்டும் லேசாக.

இவர் ஜன்னலைப் பார்த்தார். ஆகாயம் பளிச்சென்று துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "மழையா? மார்கழியிலயா? பாப்பா, இப்படியா எழுதின?"

தங்கை கால் கட்டைவிரலைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். என் முழங்கைக்குமேல் ஒரு கிள்ளு விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். இப்ப மழை கொஞ்சம் கம்மி," என்றார் இவர், ஏதோ மழை அவருடைய கடைச் சரக்கு போலவும், ஸ்டாக் தீர்ந்துவிட்டது போலவும்.

அதற்கப்புறம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவியபடியே அடுப்படிக்கு வந்தார். "ஜனங்க நம்பி வந்திருக்காங்க. என் கடை போர்டுல எல்லா சைஸும் கிடைக்கும்னு போட்டிருக்கேன். ஒருத்தன் வந்து கேட்டா இல்லன்னு அனுப்ப முடியுமா?"

கிள்ளு வாங்கின இடத்தைத் தடவிக்கொண்டே உண்மையைச் சொன்னேன். மலை என்று எழுத வந்தது, ழ போட்டுவிட்டாள், ஊரே கேலி செய்தது, வந்தவர்களுக்கும் அது தெரியும், சும்மா விளையாடுகிறார்கள். இவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"வாழைப்பழம் சொல்ல சொல்லி அந்த வாத்தியார் சிரிக்க வெச்சாரே, அன்னிக்கி நான் பக்கத்து கிளாஸ்ல இருந்தேன். செவுத்துக்கு இந்த பக்கம் கேட்டுது. யாரையோ சிரிக்கறாங்கன்னு நானும் சிரிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் துளை போடுகிற மெஷினின் சத்தம். அந்தப் பசை நெடி படியெல்லாம் இறங்கி வந்தது. ஏறிப் பார்த்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இவர் ஒரு நீள பைப்பில் வரிசையாகப் பொடிப்பொடித் துளைகள் போட்டிருந்தார். ஒரு முனை தண்ணீர்த் தொட்டியில். மறுமுனைக்கு மூடி ஒட்டி, ரெண்டு ஜன்னலுக்கும் மேலே சன்ஷேட் ஓரமாகப் படுக்க வைத்துக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஆர்டர் வந்திருக்கு. சப்ளை பண்றேன். கீழ போயி அவங்கள காபியோட ஜன்னல்கிட்ட உக்கார சொல்லு."

சொன்னேன். அந்தம்மாவும் பெரியவரும் டம்ளரோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். நாத்தனார் வாசற்படியில் ஒன்றும் புரியாமல் நின்றாள். மேலே வால்வு திரும்புகிற சத்தம் கேட்டது. பைப் ரெண்டு தரம் இருமியது. ஒரு துப்பல் கலங்கல் தண்ணீர். பிறகு, ஒவ்வொரு துளையாக நினைவு வந்ததுபோல், நூல் நூலாக, ஜன்னல் முழுக்க மழை.

நான் எத்தனையோ வெயில் எழுதியிருக்கிறேன், நிழல் எழுதியிருக்கிறேன். அந்தக் காலையை என்னால் எழுத முடிந்ததில்லை, இப்போதும் முடியவில்லை. அப்பால் மலை நனையாமல் இருந்தது. இப்பால் நாங்கள் நனையாமல் இருந்தோம். நடுவில் எங்களுக்கென்று ஒரு முழம் அகலத்துக்கு மழை, வெயிலை ஊடே விட்டுக்கொண்டு, மலையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி ஆட்டிக் காட்டியது. அந்தம்மா கையை வெளியே நீட்டினார். பெரியவர், "ஏய், புடவை நனையுது," என்றபடி தன் கையையும் நீட்டினார். நாத்தனார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா வேறெதுவுமா என்று தெரியவில்லை.

கீழே பக்கத்து வீட்டுக் காம்பவுண்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "யாருப்பா அது தண்ணி வுடறது? போர்வை காயப்போட்டிருக்கேன், கண்ணு தெரியல?"

"மழை வந்தா எடுத்து வெக்கணும்ல!" என்று மேலேயிருந்து பதில் சொன்னார் என் வீட்டுக்காரர்.

அவர்கள் இருந்த நாளெல்லாம் காலையிலும் சாயங்காலமும் மழை பெய்தது. கடைக்குப் போகிறவர் மழைக்கு என்று திரும்பி வந்தார். ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ, சந்தில் நின்று தன் வேலையை அண்ணாந்து பார்த்தவருக்கு ஒன்று உறுத்தியது. முதல் ரூம் ஜன்னலிலிருந்து பைப்புகள் நீட்டிக்கொண்டு மழையைக் கிழித்துக்கொண்டிருந்தன.

"பெய்யற மழைக்கு நடுவுல பைப்பு நீட்டிகிட்டு இருந்தா நல்லாவா இருக்கு?" என்று என்னைக் கேட்டார். ஏதோ நான் அடுக்கி வைத்த மாதிரி.

அன்றே ஒரு வண்டி வந்தது. கடையில் இடமில்லாமல் வந்த பைப்புகள் இடமில்லாத கடைக்கே திரும்பிப் போயின. நாத்தனார் அந்த ரூமைக் கழுவி விட்டாள். வேலூரில் சொல்லி வைத்திருந்த சொந்தக்காரர் போன் செய்தபோது இவர்தான் எடுத்தார். "அவளுக்கு இங்க வேலை ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தை பிறக்கும் முன்னாலேயே தாம்பரத்துக்காரர்கள் கிளம்பினார்கள். ஆட்டோ சந்துக்குள் வர மறுத்து முனையிலேயே நின்றது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே வரைக்கும் நடந்தோம். அந்தம்மாவை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, பெரியவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷம் என் தங்கச்சி குடும்பமும் வரேன்னு சொல்றாங்க சார். ரெண்டு ரூமும் கெடைக்குமா?"

இவர் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார். "என்னைய கேக்கறீங்களே. நான் கீழ் வீட்டுக்காரன். மேல எல்லாம் அவங்க."

தங்கையை அவர் அவங்க என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை போலிருந்தது. ஒருமுறை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஆட்டோவுக்குள் குனிந்தாள்.

"எந்த மாசம்னு எழுதுங்கம்மா. நான் பதில் எழுதறேன்."